கிறிஸ்தவமும் அகிம்சை அரசியலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்பிலும் இளைஞர் கூட்டங்களிலும், கோயில் பக்கமே போகாத நண்பர்களிடமிருந்தும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களைத் தொகுத்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறோம். வசனங்கள் பழைய தமிழ் வேதாகமத்தின்படி. முதலில் எளியவை, போகப் போகச் சிக்கலானவை.

அகிம்சைன்னா அடி வாங்கிட்டு சும்மா இருக்கிறதுதானே?

இல்லை. மூன்று வேறு விஷயங்களை ஒரே சொல்லில் போட்டுக் குழப்புவதால் வரும் கேள்வி இது. அநியாயத்தைப் பார்த்துப் பயத்தாலோ சோம்பலாலோ வாய் மூடியிருப்பது ஒன்று. அதற்கு அகிம்சை என்று பெயர் கிடையாது. ஆயுதத்தைத் தொட மாட்டேன், ஆட்சி அதிகாரத்திலும் தலையிட மாட்டேன் என்று ஒதுங்கி வாழ்வது இரண்டாவது. 1527இல் ஷ்லைட்ஹைம் அறிக்கையை எழுதிய அனபாப்டிஸ்டுகளின் (குழந்தை ஞானஸ்நானத்தை மறுத்த சீர்திருத்தகாலக் கிறிஸ்தவர்களின்) நிலை ஏறக்குறைய இதுதான். வாள் உலகத்தை ஆள்பவனின் கையில் இருக்கட்டும், நாங்கள் அதைப் பிடிக்க மாட்டோம் என்றார்கள். அதற்காகவே கொத்துக்கொத்தாகக் கொல்லவும் பட்டார்கள்.

மூன்றாவது, அநியாயத்தோடு ஒத்துழைக்க மறுப்பது. அதனால் வரும் அடியையும் சிறையையும் ஏற்றுக்கொண்டு, எதிராளியைக் கொல்லாமலேயே அவன் கையைக் கட்டிப்போடுவது. இந்தப் பக்கத்தில் அகிம்சை என்று சொல்வதெல்லாம் இந்த மூன்றாவதைத்தான்.

“மறு கன்னத்தையும் திருப்பிக்கொடு”ன்னு இயேசுவே சொல்லிட்டாரே, அப்புறம் என்ன எதிர்ப்பு?

வசனத்தை மெதுவாகப் படியுங்கள்: “ஒருவன் உன்னை வலது கன்னத்தில் அறைந்தால்” (மத்தேயு 5:39). எதிரே நிற்பவரின் வலது கன்னத்தில் வலது கையால் அறைய வேண்டுமானால் புறங்கையால்தான் முடியும். செய்து பார்த்தால் புரிந்துவிடும். புறங்கை அறை சமமானவர்கள் போடும் சண்டையில் விழுவதில்லை. எஜமான் அடிமைக்கும் மேலிருப்பவன் கீழிருப்பவனுக்கும் கொடுக்கும் அவமானம் அது. இடது கன்னத்தைத் திருப்பினால் மறுபடி புறங்கையால் அறைய வழியில்லை. ஒன்று சமமானவனை அடிப்பதுபோல் உள்ளங்கையால் அடிக்க வேண்டும், இல்லையென்றால் கையை இறக்க வேண்டும். அமெரிக்க விவிலிய அறிஞர் வால்டர் விங்க் பரவலாக்கிய விளக்கம் இது.

அடுத்த இரண்டு வசனங்களும் இதே தினுசுதான். ஏழையின் போர்வையை அடகு வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது யாத்திராகமம் 22இன் சட்டம். வழக்குப் போட்டு உள்ளாடையைப் பறிப்பவனிடம் மேலங்கியையும் கழற்றிக் கொடுத்துவிட்டு நீதிமன்றத்தில் நிர்வாணமாக நின்றால் வெட்கம் யாருக்கு? ஒரு மைல் சுமக்கச் சொல்லி வற்புறுத்துவது ரோமப் படையின் கட்டாய ஊழியம். சிலுவை சுமக்க சிரேனே ஊரானாகிய சீமோனைப் பிடித்ததற்கும் கிரேக்க மூலத்தில் இதே வினைச்சொல்தான் வருகிறது. இரண்டாவது மைலைத் தானாக நடப்பவனை என்ன செய்வதென்று சிப்பாய்க்கே தெரியாது.

விங்க்கின் விளக்கத்தை எல்லா அறிஞரும் ஏற்கவில்லை. லூக்கா 6:29இல் “வலது” என்ற சொல்லே இல்லை, உடைகளின் வரிசையும் தலைகீழ். ஆனால் பேசாமல் பொறுத்துக்கொள் என்ற பழைய வாசிப்புக்கும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. பிரதான ஆசாரியன் முன்னால் சேவகன் அறைந்தபோது இயேசு மறு கன்னத்தைக் காட்டவில்லை. “நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்” என்று கேட்டார் (யோவான் 18:23). திருப்பி அடிக்கவில்லை, சும்மாவும் இருக்கவில்லை.

தேவாலயத்தில் சவுக்கை எடுத்து அடிச்சாரே?

சவுக்கு யோவான் 2:15இல் மட்டும்தான் வருகிறது, மற்ற மூன்று சுவிசேஷங்களிலும் இல்லை. தமிழில் “அவர்கள் யாவரையும் ஆடுமாடுகளையும்” துரத்தினார் என்று படிக்கிறோம். கிரேக்க வாக்கியத்தை “ஆடுகளும் மாடுகளுமான எல்லாவற்றையும்” என்றும் படிக்க இடமிருக்கிறது, பல மொழிபெயர்ப்புகள் அப்படித்தான் போகின்றன. எப்படிப் படித்தாலும் ஒரு மனிதர் மேல் அடி விழுந்ததாக வசனம் சொல்லவில்லை.

ஆனாலும் இதைச் சாதுவான காட்சியாக்கிவிடக் கூடாது. மேசைகள் கவிழ்ந்தன, காசு சிதறியது, வியாபாரம் நின்றது. அகிம்சை என்றால் யார் மனதும் நோகாத நாகரிகம் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் காட்சியே போதும். சொத்துச் சேதம் பற்றிய கேள்வியில் இதற்குத் திரும்புவோம்.

பட்டயம் வாங்கச் சொன்னது? லூக்கா 22:36?

சொன்னார். சீஷர்கள் இரண்டு பட்டயங்களைக் காட்டியதும் “போதும்” என்றார். பன்னிரண்டு பேருக்கு இரண்டு பட்டயம் எந்தப் போருக்குப் போதும்? அடுத்த வசனத்திலேயே “அக்கிரமக்காரரில் ஒருவனாக எண்ணப்பட்டார்” என்ற தீர்க்கதரிசனம் நிறைவேற வேண்டும் என்று காரணமும் சொல்கிறார். அன்று இரவே பட்டயம் உருவப்பட்டபோது தடுத்தார், வெட்டுண்ட காதைக் குணமாக்கினார். ஆயுதத்துக்கு அனுமதிச்சீட்டாக இந்த ஒரு வசனத்தைப் பிடித்துத் தொங்குகிறவர்கள் அதே அதிகாரத்தில் பத்துப் பதினைந்து வசனம் தள்ளிப் படித்தால் கைவிட்டுவிடுவார்கள்.

பழைய ஏற்பாட்டுப் போர்களை என்ன பண்றது?

சுலபமான பதில் இல்லை. யோசுவாவின் படையெடுப்பை இறுதித் தீர்ப்பின் நிழலாக வாசிப்பவர்கள் உண்டு. கடவுளை இஸ்ரவேலர் படிப்படியாகப் புரிந்துகொண்ட கதையின் தொடக்கக் கட்டமாக வாசிப்பவர்களும் உண்டு. ஜெயம் மனிதப் படைபலத்தால் வருவதில்லை என்பதே அந்தக் கதைகளின் உள்கருத்து என்பார் இன்னொரு சாரார். அதற்கு எரிகோவையும் கிதியோனின் 300 பேரையும் காட்டுவார்கள். இந்த விளக்கங்களில் எதுவும் எல்லா வசனங்களையும் முழுதாகத் தீர்த்துவைக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்வதுதான் நேர்மை.

அதே பழைய ஏற்பாட்டில்தான் சட்ட மறுப்பின் மிகப் பழைய கதையும் இருக்கிறது. ஆண் பிள்ளைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனின் உத்தரவை சிப்பிராள், பூவாள் என்ற இரண்டு மருத்துவச்சிகள் நிறைவேற்றவில்லை (யாத்திராகமம் 1). பார்வோனின் பெயரை எழுதாத நூல் இவர்கள் பெயரை எழுதி வைத்திருக்கிறது.

ரோமர் 13 அரசாங்கத்துக்குக் கீழ்ப்படியணும்னு தெளிவா சொல்லுதே?

நிருபத்தை அதிகாரங்களாகப் பிரித்தது பிற்காலத்தவர்தான், பவுல் அல்ல. 12ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம் “நீ தீமையினாலே வெல்லப்படாமல், தீமையை நன்மையினாலே வெல்லு.” அதற்கு இரண்டு வசனம் முன்னால் பழிவாங்கக் கூடாது என்கிறார். அந்த மூச்சிலேயே 13:1 வருகிறது. அங்கே பவுல் எடுத்த கிரேக்கச் சொல்லுக்குப் பொருள் “அடங்கியிரு”. சொன்னதையெல்லாம் செய் என்பதற்கு வேறு சொல் இருந்தது, அதை அவர் எடுக்கவில்லை. உத்தரவை மீறிவிட்டு, ஓடி ஒளியாமல் தண்டனையை ஏற்றுக்கொள்கிறவனும் அடங்கியிருப்பவன்தான். எழுதிய பவுலே பல முறை சிறையிருந்தவர்.

பேதுருவோ நேராகவே சொல்லிவிட்டார்: “மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது” (அப்போஸ்தலர் 5:29). இன்னொன்று: ரோமர் 13இல் தேவ ஊழியக்காரனாக வரும் அரசு, வெளிப்படுத்தின விசேஷம் 13இல் கடலிலிருந்து எழும்பும் மிருகமாக வருகிறது. தென்னாப்பிரிக்க நிறவெறி அரசுக்கு முதல் 13 மட்டும் மனப்பாடம். 1985இல் அந்நாட்டு இறையியலாளர்கள் வெளியிட்ட கைரோஸ் ஆவணம் இந்த ஓரக்கண் வாசிப்புக்கு “அரசு இறையியல்” என்று பெயர் வைத்தது.

ஆரம்பத்துல இருந்தே சபை போருக்கு எதிரா இருந்ததா?

முதல் மூன்று நூற்றாண்டுகளின் எழுத்தாளர்கள் பெரும்பாலும் எதிர்த்தார்கள். பேதுருவின் கையிலிருந்து பட்டயத்தைப் பறித்தபோதே ஆண்டவர் எல்லாப் போர்வீரரையும் நிராயுதபாணியாக்கிவிட்டார் என்றார் தெர்த்துல்லியன். 295இல் படையில் சேர மறுத்த மாக்சிமிலியன் என்ற இளைஞன் வட ஆப்பிரிக்காவில் தலை வெட்டப்பட்டான். ஆனால் அதே காலத்தில் படையில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள், ஆகையால் “எல்லாரும்” என்று சொல்ல முடியாது.

313இல் கான்ஸ்டன்டைன் சபைக்குச் சுதந்திரம் கொடுத்த பிறகு காற்று திசை மாறியது. அகுஸ்தீன் நியாயமான போர் என்ற கருத்துக்கு அடித்தளம் போட்டார். தாமஸ் அக்வினாஸ் அதை முறைப்படியான அதிகாரம், நியாயமான காரணம், நேரிய நோக்கம் என்று மூன்று நிபந்தனைகளாக வகுத்தார். அனபாப்டிஸ்ட் வழிவந்த மெனோனைட்டுகளும், போரில் இறங்க மாட்டோம் என்று 1660இல் இங்கிலாந்து அரசனுக்கு அறிக்கை கொடுத்த குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும் மறுபக்கம் நின்றார்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் போப் பிரான்சிஸ் 2017ஆம் ஆண்டின் உலக அமைதி நாள் செய்திக்கு அகிம்சையையே தலைப்பாக்கி, அதை அமைதிக்கான ஓர் அரசியல் பாணி என்றார். விவாதம் முடிந்தபாடில்லை.

சிலுவைக்கும் ஊர்வலத்துக்கும் என்ன சம்பந்தம்? இயேசு பாவத்துக்காகத்தானே செத்தார்?

இறையியல் முழுவதும் இந்த முடிச்சில்தான் இருக்கிறது. சிலுவை ரோமர் கண்டுபிடித்த பக்தி அடையாளமா என்ன? கலகக்காரர்களையும் ஓடிப்போன அடிமைகளையும் ஊரார் பார்க்கத் தொங்கவிட்டு, மற்றவர்களை நடுங்க வைக்கும் அரசியல் கருவி. அதில் தொங்கியவரைக் கடவுள் எழுப்பினார் என்று அறிவிப்பது, அந்தக் கருவிக்கு இனி கடைசி வார்த்தை கிடையாது என்று அறிவிப்பதும்தான். துரைத்தனங்களையும் அதிகாரங்களையும் உரிந்துகொண்டு, வெளியரங்கமான கோலமாக்கி, சிலுவையில் வெற்றிசிறந்தார் என்கிறது கொலோசெயர் 2:15. பாவமன்னிப்பு என்ற பொருளை இது தள்ளவில்லை. எந்தப் பாவம் என்ற பட்டியலை நீட்டுகிறது, அவ்வளவுதான்.

அரசியல் மொழியில் சொன்னால், கொடுங்கோலனின் கையிருப்பு மரண பயம். பயப்பட மறுப்பவர்களை ஆள அவனிடம் வேறு சரக்கு அதிகமில்லை. ஆனால் இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது: துன்பப்பட்டாலே ஜெயம் வந்துவிடும் என்று பிரசங்கிப்பது. சிலுவை ஒரு வாக்குறுதி. அதைச் சூத்திரமாக்க முடியாது. கொல்லக் கூடாது என்பதற்கு இறையியல் காரணம் தரும். எந்தக் கடையைப் புறக்கணிக்கலாம் என்பதை அது சொல்லித் தராது. அதற்குத் தனியாக மூளையைக் கசக்க வேண்டும்.

பகைவனை நேசின்னா அவனை எனக்குப் பிடிக்கணுமா?

வேண்டாம். அமெரிக்கக் கறுப்பின உரிமைத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் இதைப் பல முறை விளக்கினார்: இயேசு கேட்டது அகாபே என்ற அன்பு, எதிராளியின் நன்மையை நாடும் உறுதி. பிடித்தம் தானாக வருவது, கட்டளையிட முடியாது. நடைமுறையில் இதற்கு ஒரே சோதனை: போராட்டம் ஜெயித்த மறுநாள் அந்த எதிராளிக்கு உங்கள் ஊரில் இடம் இருக்கிறதா?

நேர்மையா சொல்லுங்க, இது கொள்கையா, ஜெயிக்கிற தந்திரமா?

இரண்டு பள்ளிகள் உண்டு. கொல்வது பாவம், ஆகவே தோற்றாலும் கொல்ல மாட்டேன் என்பது ஒன்று. ஆளுபவனின் பலம் நம் கீழ்ப்படிதலிலிருந்து வருகிறது, அதை நிறுத்தினால் அவன் விழுவான் என்பது மற்றது. இந்த இரண்டாவதுக்கு மதம் தேவையில்லை. அமெரிக்க அரசியல் ஆய்வாளர் ஜீன் ஷார்ப் 1973இல் 198 போராட்ட முறைகளைப் பட்டியலிட்டபோது பக்தியை நிபந்தனையாக வைக்கவில்லை.

இவற்றுக்கு நடுவில் அமெரிக்க இறையியலாளர் ரைன்ஹோல்ட் நீபூர் 1932இல் ஒரு முள்ளை வைத்தார். புறக்கணிப்பும் வேலைநிறுத்தமும்கூட நிர்ப்பந்தம்தான், அதை மலைப்பிரசங்கத்தின் அன்பு என்று பூசி மெழுகாதீர்கள் என்றார். அவர் சொன்னதில் பாதி சரி. கடை மூடிய வியாபாரிக்கு நஷ்டம் நிஜம், அதை ஒப்புக்கொண்டுதான் போராட வேண்டும். ஆனால் நஷ்டமடைந்த வியாபாரி உயிரோடு இருக்கிறார், நாளை மனம் மாறலாம். செத்தவரால் முடியாது. இந்த வித்தியாசத்தைச் சின்னதென்று நாங்கள் நினைக்கவில்லை.

சரி, எங்கிருந்து ஆரம்பிக்கணும்? படிப்படியா சொல்லுங்க.

1963 ஏப்ரலில் அமெரிக்காவின் பர்மிங்ஹாம் நகரச் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் கிங் நான்கு படிகளைச் சொன்னார்: அநியாயம் நடக்கிறதா என்று தகவல் திரட்டுவது, பேச்சுவார்த்தை, தன்னைத் தூய்மைப்படுத்திக்கொள்வது, நேரடி நடவடிக்கை. பெரும்பாலான குழுக்கள் முதல் மூன்றையும் தாண்டிக் குதித்து நான்காவதில் விழுகின்றன. தகவல் இல்லாமல் போனால் ஒரு மறுப்பு அறிக்கையே உங்களைக் கவிழ்த்துவிடும். பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடாமல் தெருவுக்கு வந்தால் நடுநிலையாளர் உங்கள் பக்கம் வர மாட்டார்.

கோரிக்கை குறுகலாக இருக்க வேண்டும். 1961–62இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆல்பனியில் கறுப்பினத்தவர்மீதான பாகுபாடுகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எதிர்த்தார்கள். அந்த ஊர் போலீஸ் தலைவர் லாரி பிரிச்செட் கிங்கின் முறைகளைப் படித்துத் தயாராக இருந்தார். கேமராக்களின் முன் யாரையும் அடிக்க விடாமல் மரியாதையாகக் கைது செய்தார், சுற்றுவட்டாரச் சிறைகளில் முன்கூட்டியே இடம் பேசிவைத்தார். சிறை நிரம்பவே இல்லை, போராட்டம் பிசுபிசுத்தது. அடுத்த ஆண்டு பர்மிங்ஹாமில் குறியை நகரமையக் கடைகள் மேல் வைத்தார்கள், காலத்தை ஈஸ்டர் விற்பனையோடு சேர்த்தார்கள். மேயர் தேர்தல் முடியும்வரை காத்திருந்து ஏப்ரல் 3இல் தொடங்கினார்கள். மே 10இல் உடன்பாடு வந்தது.

பயிற்சியா? ஜெபம் பண்ணிட்டுப் போனா போதாதா?

போதாது. கன்னத்தில் விழும் முதல் அறைக்குக் கை தானாக ஓங்கும், அது உடம்பின் பழக்கம். அதை மாற்ற ஒத்திகை வேண்டும். நாக்பூரில் மூன்று ஆண்டு வேலை பார்த்துக் காந்தியின் முறைகளைக் கற்றுத் திரும்பிய மெதடிஸ்ட் ஊழியர் ஜேம்ஸ் லாசன், நாஷ்வில்லில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் மாணவர்களுக்கு மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தார். நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, சிலர் கடைக்காரராகவும் ரவுடியாகவும் நடிப்பார்கள். முகத்தில் சிகரெட் புகை ஊதுவார்கள், வசை பேசுவார்கள், நாற்காலியிலிருந்து இழுத்துக் கீழே தள்ளுவார்கள். விழுந்தவர் தலையைக் கைகளால் மூடிச் சுருண்டுகொள்ளக் கற்றார். அடி ஒருவர்மேல் குவிந்தால் பக்கத்தவர் இடையில் விழுந்து அடியைப் பங்கிட்டுக்கொள்ளக் கற்றார். ஒத்திகையில் கோபம் அடங்காதவர்களுக்கு வேறு வேலை கொடுப்பதுதான் சரி: வண்டி ஓட்டுவது, ஜாமீன் தொகை திரட்டுவது, பேர் எழுதுவது.

1960 பிப்ரவரியில், கறுப்பினத்தவருக்குப் பரிமாறாத கடைகளின் சாப்பாட்டு மேடைகளில் உட்காரப் போனவர்களுக்கு ஒரு தாளில் விதிகள் கொடுத்தார்கள். திருப்பி அடிக்காதே, திட்டாதே. சத்தமாகச் சிரிக்காதே. தலைவர் சொல்லாமல் இருக்கையை விட்டு எழாதே. வாசலையும் நடைபாதையையும் மறிக்காதே. நிமிர்ந்து, மேடையைப் பார்த்து உட்கார். பிப்ரவரி 27இல் ஒரு கூட்டம் தாக்கியது, போலீஸ் உட்கார்ந்திருந்தவர்களைக் கைது செய்தது. ஒரு குழுவை இழுத்துப் போனதும் காலி இருக்கைகளில் அடுத்த குழு வந்து உட்கார்ந்தது. மே 10இல் அந்தக் கடைகள் கறுப்பின மக்களுக்குப் பரிமாறத் தொடங்கின.

புறக்கணிப்பு ஆரம்பிச்சா ஒரு வாரத்துல பிசுபிசுத்துடுது. எங்கே தப்பு?

மாற்று ஏற்பாட்டில். அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில் கறுப்பின மக்கள் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பு 1955 டிசம்பர் 5இல் தொடங்கி 381 நாள் நின்றதற்குப் பிரசங்கம் மட்டும் காரணமில்லை. பேருந்தை விட்டவர் வேலைக்கு எப்படிப் போவார்? முதலில் கறுப்பின டாக்சிக்காரர்கள் பேருந்துக் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஏற்றினார்கள். குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற சட்டத்தைக் காட்டி நகர நிர்வாகம் மிரட்டியது. உடனே ஏறக்குறைய 300 சொந்தக் கார்களைக் கொண்டு, ஏறும் இடம், இறங்கும் இடம் குறித்து ஓட்டினார்கள். இந்த யோசனையை 1953இல் பேட்டன் ரூஜ் நகரில் இதைச் செய்து பார்த்திருந்த போதகரிடம் கேட்டு வாங்கினார்கள். சபைகளின் பெயரில் இருந்த வண்டிகளுக்கு உள்ளூரில் காப்பீடு ரத்தானபோது லண்டனில் போய் எடுத்தார்கள். திங்களும் வியாழனும் சபைக் கூட்டங்கள் பாட்டுக்கும் ஜெபத்துக்கும் மட்டுமா? பணம் வசூலும் அறிவிப்பும் அங்கேதான்.

தொடக்கக் கோரிக்கை எவ்வளவு சிறியது என்றும் பாருங்கள்: மரியாதையான நடத்தை, முதலில் வந்தவருக்கு முதலில் இருக்கை, கறுப்பினத்தவர் அதிகம் போகும் தடங்களில் கறுப்பின ஓட்டுநர். தனி இருக்கை முறையை ஒழிக்கச் சொல்லிக்கூட முதலில் கேட்கவில்லை. மறுத்த பிறகுதான் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் அந்த முறையே விழுந்தது. திரும்பப் பேருந்தில் ஏறுமுன் கொடுத்த தாளில், வேறு இடமிருந்தால் வேண்டுமென்றே வெள்ளையர் பக்கத்தில் உட்காராதே என்று எழுதியிருந்தது. பகைவனை நேசி என்பது தாளில் இறங்கினால் இப்படித்தான் இருக்கும்.

மெழுகுவர்த்தி ஏத்துறது எதையாவது மாத்துமா?

தனியாக ஏற்றினால் மாற்றாது. கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகர நிக்கோலாஸ் ஆலயத்தில் 1982 முதல் திங்கள்தோறும் சமாதான ஜெபம் நடந்தது. பல வாரங்களில் விரல்விட்டு எண்ணும் கூட்டம்தான். ஆனால் வேறெங்கும் கூட முடியாத நாட்டில் அந்தக் கதவு ஏழு வருடம் திறந்தே இருந்தது. 1989 அக்டோபர் 9இல் ஜெபம் முடிந்து ஏறக்குறைய 70,000 பேர் நடந்தார்கள். மெழுகுவர்த்தி பிடிக்க ஒரு கை, காற்றில் அணையாமல் மறைக்க இன்னொரு கை. கல்லெடுக்கக் கை மிச்சமில்லை. சுடத் தயாராக நின்ற படைகள் சுடவில்லை. ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது.

பிலிப்பைன்ஸில் 1986 பிப்ரவரியில் கதை வேறு மாதிரி. தேர்தல் முடிவுகள் திருத்தப்படுவதாகச் சொல்லி வாக்கு எண்ணும் கணினி ஊழியர்களே எழுந்து வெளியேறினார்கள். ஆயர் பேரவை தேர்தல் மோசடி என்று அறிவித்தது. படையில் ஒரு பிரிவு பிரிந்து நின்றபோது மணிலா பேராயர் கர்தினால் சின் வானொலியில் மக்களைக் கூப்பிட்டார். ஜெபமாலையோடும் சோற்றுப் பொட்டலத்தோடும் வந்தவர்கள் டாங்கிகளின் முன்னால் முழங்காலிட்டார்கள். நான்கே நாளில் அதிபர் மார்கோஸ் நாட்டை விட்டுப் போனார். நான்கு நாளுக்குப் பின்னால் பயிற்சி இருந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த ஜான் காஸ், ஹில்டகார்ட் காஸ்-மாயர் தம்பதியர் 1984 முதல் அங்கே அகிம்சைப் பட்டறைகளை நடத்தியிருந்தார்கள்.

கூட்டத்துல ஒருத்தன் கல் எறிஞ்சா எல்லாம் போச்சா?

போகும், நீங்கள் தயாராக இல்லாவிட்டால். 1968 மார்ச் 28இல் மெம்ஃபிஸ் துப்புரவுத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில் பின்வரிசைக்காரர்கள் கடைக் கண்ணாடிகளை உடைத்தார்கள். தடியடியும் கண்ணீர்ப்புகையும் வந்தன, ஒரு சிறுவன் சுட்டுக் கொல்லப்பட்டான். தலைமை தாங்கிய கிங்குக்கு அந்த ஊரின் இளைஞர் குழுக்களோடு முன்பேச்சு இருக்கவில்லை, ஒழுங்குபடுத்தும் தொண்டர்களும் போதவில்லை. ஒழுங்காக இன்னொரு முறை நடத்தத் திரும்பி வந்தபோதுதான் அவர் ஏப்ரல் 4இல் கொல்லப்பட்டார். நான்கு நாள் கழித்து அவர் மனைவி கொரெட்டா தலைமையில் அந்த ஊர்வலம் மௌனமாக நடந்தது. ஏப்ரல் 16இல் வேலைநிறுத்தம் உடன்பாட்டில் முடிந்தது.

ஆகவே செய்ய வேண்டியவை: வரிசைகளின் ஓரத்தில் அடையாளத் துணியோடு தொண்டர்கள், பதற்றம் ஏறினால் எங்கே உட்கார வேண்டும் என்ற முன்முடிவு, ஊர்வலத்தைப் பாதியில் கலைக்கும் அதிகாரம் யாரிடம் என்ற தெளிவு. வன்முறை நடந்துவிட்டால் “அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை” என்று கைகழுவுவது பலிக்காது.

ஆளை அடிக்கலை, சொத்தை மட்டும் உடைச்சா?

கிறிஸ்தவ அகிம்சையாளர்களே ஒத்துப்போகாத இடம். 1968 மே 17இல் பாதிரியார்களான பெரிகன் சகோதரர்கள் உட்பட ஒன்பது கத்தோலிக்கர் அமெரிக்காவின் கேட்டன்ஸ்வில்லில் 378 கட்டாய ராணுவச் சேர்க்கைக் கோப்புகளை வெளியே தூக்கி வந்து எரித்தார்கள். சுற்றி நின்று கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லிக்கொண்டே போலீசுக்குக் காத்திருந்தார்கள். கவிழ்ந்த மேசைகளைத்தான் அவர்கள் முன்மாதிரியாகக் காட்டினார்கள். எங்கள் கணிப்பில் அதை ஏற்கவைப்பது மூன்று: எரிந்தது ஆட்களைக் கொல்ல அனுப்பும் பொருள், யாருக்கும் காயமில்லை, யாரும் ஓடவில்லை. இருட்டில் முகமூடியோடு கடையை உடைப்பதற்கு இந்த மூன்றில் ஒன்றும் பொருந்தாது.

ஹிட்லர் மாதிரி ஆளுகிட்ட இதெல்லாம் பலிக்குமா?

சில இடங்களில் பலித்தது. நாஜிகளின் பிடியிலிருந்த நார்வேயில் 1942இல் நாஜிகளுக்கு ஒத்துழைத்த குவிஸ்லிங்கின் அரசு ஆசிரியர்களைப் புதிய சங்கத்தில் கட்டாயமாகச் சேர்த்தது. பெரும்பாலோர் ஒரே வாசகத்தில் மறுப்புக் கடிதம் எழுதினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள், அதில் ஏறக்குறைய பாதிப் பேர் வடகோடியிலுள்ள கிர்கெனெசுக்குக் கட்டாய வேலைக்குப் போனார்கள். பிப்ரவரியில் ஆயர்கள் அரசுப் பதவியை விட்டார்கள், ஈஸ்டரன்று பெரும்பாலான போதகர்களும் விட்டார்கள். சபை ஊழியத்தை மட்டும் விடவில்லை. ஆசிரியர் சங்கத் திட்டம் கைவிடப்பட்டது. மொத்த நாஜி ஆட்சியை இது கவிழ்க்கவில்லை என்பதும் உண்மை.

ஜெர்மன் இறையியலாளர் போன்ஹோஃபர் பெயர் இங்கே நிச்சயம் வரும். அமைதியைப் போதித்தவர், ஹிட்லரைக் கொல்லச் சதி செய்த வட்டத்தில் சேர்ந்தார், 1945 ஏப்ரல் 9இல் தூக்கிலிடப்பட்டார். ஆனால் அதை அவர் புண்ணியம் என்று சொல்லவில்லை. பொறுப்பை ஏற்பவன் குற்றத்தையும் சுமக்கிறான் என்றே எழுதினார். அவரைக் காட்டி வன்முறைக்குச் சான்றிதழ் வாங்குகிறவர்கள் அந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

ஜெயிக்கும்னு கணக்கு ஏதாவது இருக்கா?

எரிகா செனோவெத், மரியா ஸ்டீஃபன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1900 முதல் 2006 வரை நடந்த 323 இயக்கங்களை ஒப்பிட்டார்கள். ஆயுதமற்றவை 53 சதவீதம் வென்றன, ஆயுதமேந்தியவை 26. முக்கியக் காரணம் ஆள்சேர்ப்பு. பாட்டியும் பள்ளிப் பிள்ளையும் துப்பாக்கிப் படையில் சேர மாட்டார்கள், ஊர்வலத்தில் சேருவார்கள். மக்கள்தொகையில் 3.5 சதவீதம் பேர் இறங்கினால் போதும் என்ற பேச்சும் இங்கிருந்து வந்ததுதான். அதற்கு விதிவிலக்குகள் உண்டென்று செனோவெத்தே பிறகு சொன்னார்.

53 என்றால் ஏறக்குறைய பாதி முழுதாக வெல்லவில்லை என்று பொருள். சிலுவை பற்றிய பதிலில் சொன்ன வித்தியாசம் இங்கே கடிக்கும். ஜெயிப்பதால் மட்டும் அகிம்சையைப் பிடித்தவர் அந்த மறுபாதியில் விட்டுவிடுவார்.

மற்ற மதத்தவரோட சேர்ந்து செய்யலாமா? நம்ம இறையியல் கெட்டுப்போகாதா?

2003இல் லைபீரியாவில் உள்நாட்டுப் போரை நிறுத்தக் கோரி லூத்தரன் சபையைச் சேர்ந்த லேமா போவியும் தோழிகளும் முஸ்லிம் பெண்களோடு சேர்ந்து வெள்ளை உடையில் மீன் சந்தை அருகே தினமும் உட்கார்ந்தார்கள். அவரவர் ஜெபத்தை அவரவர் செய்தார்கள். கானாவில் பேச்சுவார்த்தை இழுத்தடித்தபோது மண்டபத்து வாசலில் கைகோத்து அமர்ந்து பேராளர்களை வெளியே விடவில்லை. ஆகஸ்ட் 18இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. யாருடைய இறையியலும் கெடவில்லை.

வீட்டுல அடி வாங்குற பெண்ணுக்கும் மறு கன்னம்தானா?

இல்லவே இல்லை. இந்தப் பக்கத்தில் சொன்ன ஒவ்வொரு போராட்டத்திலும் துன்பத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் தாமாகத் தேர்ந்தெடுத்தார்கள், கூட்டமாக நின்றார்கள், ஊர் பார்த்தது. பூட்டிய வீட்டில் இந்த மூன்றும் இல்லை. “ஒரு பட்டணத்தில் உங்களைத் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்திற்கு ஓடிப்போங்கள்” என்பதும் இயேசு சொன்னதே (மத்தேயு 10:23). வெளியேறுவதும் போலீசுக்குப் போவதும் ஒத்துழையாமைதான்.

இது வெறும் கற்பனைக் கேள்வியில்லை. இயேசுவின் அரசியலைப் பற்றி 1972இல் எழுதி ஒரு தலைமுறையையே அகிம்சைப் பக்கம் திருப்பிய மெனோனைட் இறையியலாளர் ஜான் ஹவர்ட் யோடர், பல பெண்களிடம் பாலியல் அத்துமீறல் செய்தவர். சபை நிறுவனங்கள் அதை எத்தனை ஆண்டு மூடி மறைத்தன என்பதை 2015இல் வெளியான ஆய்வு பதிவுசெய்தது. சமரசம், மன்னிப்பு என்ற சொற்களே அந்த மூடலுக்குப் பயன்பட்டன. அவருடைய வாதங்களைப் படிக்கும்போது இதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அடிபடுறவனுக்கு மட்டும் ஏன் இந்த உபதேசம்? அடிக்கிறவனுக்குச் சொல்ல மாட்டீங்களா?

இதைவிடக் கூர்மையான கேள்வி எங்களுக்கு வந்ததில்லை. ரோமர் 13க்கான பதிலில் வந்த கைரோஸ் ஆவணம் சபைகளையும் இதே இடத்தில்தான் குத்தியது. கல்லெறியும் இளைஞனைச் சுட்டி “வன்முறை” என்கிறீர்கள். அவன் வீட்டுக்குள் புகும் ராணுவத்துக்கு அந்தச் சொல்லை ஏன் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டது. நியாயம் செய்யாமல் சமரசம் பேசுவது ஒடுக்குபவனுக்கு உடந்தையாவது என்றது.

ஆகவே அகிம்சை பேசும் போதகரிடம் முதலில் கேட்க வேண்டியது, துப்பாக்கி வைத்திருப்பவரிடம் இதே பிரசங்கத்தைச் செய்தாரா என்பதுதான். எல் சால்வடோர் பேராயர் ரொமேரோ செய்தார். 1980 மார்ச் 23, ஞாயிறு, வானொலியிலும் ஒலிபரப்பான மறையுரையில் அவர் படைவீரர்களிடம் நேரடியாகப் பேசினார்: நீங்கள் கொல்வது உங்கள் சொந்த மக்களை, கடவுளின் சட்டத்துக்கு எதிரான உத்தரவுக்கு யாரும் கீழ்ப்படிய வேண்டியதில்லை, கடவுளின் பெயரால் அடக்குமுறையை நிறுத்துங்கள். மறுநாள் மாலை, ஒரு மருத்துவமனையின் சிற்றாலயத்தில் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொன்றார்கள்.